கிளட்ச் முதலிலா, பிரேக் முதலிலா? மேனுவல் கார் ஓட்டுபவருக்கு ஒரு முழு வழிகாட்டி

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு சந்தேகம் வந்துவிடும். வண்டியை நிறுத்தும்போது முதலில் கிளட்சை மிதிக்க வேண்டுமா, பிரேக்கையா? சொல்லிக்கொடுப்பவர் "ரெண்டையும் சேர்த்து மிதி" என்பார். பின்சீட்டில் இருக்கும் மாமா "கிளட்ச் மிதிக்காம பிரேக் போட்டா வண்டி ஆஃப் ஆயிடும்" என்பார். பல வருடம் ஓட்டியவர் ஒருவர் "பிரேக்தான் முதல்ல, கிளட்ச் கடைசியில" என்பார். மூன்று பேர் சொல்வதும் சரிதான். ஒவ்வொன்றும் ஒரு வேகத்துக்குச் சரி. எது எந்த வேகத்துக்கு என்பதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

நானே முதல் ஒரு வருடம் இடது காலைக் கிளட்சிலிருந்து எடுக்காமல் ஓட்டியவன்தான். கிளட்ச் பிளேட் மாற்றக் காசு கொடுத்த அன்றுதான் அந்தக் கால் அங்கே என்ன செய்கிறது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

கிளட்ச் என்ன செய்கிறது?

இன்ஜின் ஒரு பிடிவாதக்காரன். ஓடிக்கொண்டிருக்க வேண்டுமானால் நிமிடத்துக்குச் சுமார் 700 முதல் 900 முறையாவது சுற்ற வேண்டும். அதற்கு மிகவும் கீழே இழுத்தால் திணறும், குலுங்கும், நின்றுவிடும். சக்கரத்துக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அது நிற்கவும் செய்யும், மெதுவாக உருளவும் செய்யும். நிற்கும் சக்கரத்தையும் சுற்றும் இன்ஜினையும் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்ப, இடையில் ஒன்று பிரித்துச் சேர்க்க வேண்டும். அதுதான் கிளட்ச்.

இன்ஜினின் பின்பக்கம் ஃப்ளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம் இருக்கிறது. அதன்மேல் கிளட்ச் பிளேட்டை ஒரு வலுவான ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். நீங்கள் பெடலைத் தொடாதபோது எல்லாம் ஒன்றாக ஒட்டிச் சுற்றும். பெடலை மிதித்தால் அந்த அழுத்தம் விலகும், இன்ஜின் தனியாகிவிடும். மற்ற இரண்டு பெடலும் மிதித்தால் வேலை செய்யும். கிளட்ச் விட்டால் வேலை செய்யும். புதிதாகப் பழகுபவர்களின் குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

மிதித்த நிலைக்கும் விட்ட நிலைக்கும் நடுவே, பிளேட் பாதி ஒட்டி பாதி வழுக்கும் இடம்தான் ஹாஃப் கிளட்ச். வண்டியைக் கிளப்ப அது தேவை. ஆனால் அங்கே இருக்கும் ஒவ்வொரு நொடியும் பிளேட் உரசிச் சூடாகும், தேயும். தேய்வதற்கு அதில் இருப்பதே ஓரிரு மில்லிமீட்டர்தான்.

உட்காரும் விதம்

இதை அவசரப்பட்டுக் கடந்துபோகாதீர்கள். கிளட்சை அடிவரை மிதித்த நிலையிலும் இடது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் முழுதாக நீண்டால் சீட் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது கடைசி இரண்டு அங்குலத்தை இடுப்பைத் தூக்கித்தான் மிதிப்பீர்கள், கிளட்சும் முழுதாக விலகாது, கியர் கரகரக்கும்.

வலது குதிகால் பிரேக்குக்கு நேர் கீழே தரையில் ஊன்றியிருக்கட்டும். ஆக்சிலரேட்டருக்குப் போக வேண்டுமானால் பாதத்தை மட்டும் திருப்பினால் போதும். அவசரத்தில் கால் தானாக வந்து சேரும் இடம் பிரேக்காக இருக்க வேண்டும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் பெடல் வரிசை எல்லாக் காரிலும் ஒன்றுதான்: இடது கிளட்ச், நடு பிரேக், வலது ஆக்சிலரேட்டர். இடது காலுக்குக் கிளட்ச் மட்டும், மற்ற இரண்டும் வலது காலுக்கு. பல கார்களில் கிளட்சுக்கு இடப்பக்கம் கால் வைத்துக்கொள்ள ஒரு மேடை இருக்கும். கியர் போட்டு முடித்ததும் இடது கால் அங்கே போய்விட வேண்டும்.

செருப்பின் அடி தடிமனாக இருந்தால் பெடல் சொல்வது காலுக்குக் கேட்காது. ஓட்டுநர் பக்கத் தரையில் தண்ணீர் பாட்டில் போடாதீர்கள். அது உருண்டு பிரேக்குக்கு அடியில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்ஜினை ஆன் செய்யும் முன் ஒரு சின்னச் சோதனை. இன்ஜின் ஓடாதபோது பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதியுங்கள். பெடல் கல் மாதிரி ஆகிவிடும். கிளட்சையும் அடிவரை மிதித்து, நியூட்ரலில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, பிரேக்கை அப்படியே அழுத்தியபடி இன்ஜினை ஆன் செய்தால் பிரேக் பெடல் லேசாகக் கீழே இறங்கும். இன்ஜின் ஓடும்போது சேரும் வெற்றிடத்தைக் கொண்டு பிரேக்குக்குத் துணைபோகும் பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஓடும் வண்டியில் இன்ஜின் அணைந்தால் பிரேக் போய்விடாது; சேமித்து வைத்த வெற்றிடத்தில் ஓரிரு மிதி வரும். அதன் பிறகு இதே கல் பெடலைத்தான் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும். அது எப்படி இருக்கும் என்று காலுக்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது.

பிடிக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது

ஆளில்லாத சமதரைக்குப் போங்கள். கிளட்சை அடிவரை மிதித்து முதல் கியர் போடுங்கள். வலது கால் பிரேக்குக்கு மேலே தயாராக நிற்கட்டும், ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம். இப்போது கிளட்சை மிக மெதுவாக விடுங்கள். ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் தாழும், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் சற்றே இறங்கும், வண்டியில் ஒரு மெல்லிய நடுக்கம் வரும். அதுதான் பிடிக்கும் இடம். உடனே மறுபடி மிதித்துவிடுங்கள். இதை இருபது முறை செய்யுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த இருபது முறையால் பின்னால் மிச்சமாகும் தொல்லை நிறைய.

அடுத்து, பிடிக்கும் இடத்தில் காலை அப்படியே நிறுத்துங்கள். வண்டி நகரத் தொடங்கும். எல்லோரும் தவறு செய்யும் இடம் இதுதான்: வண்டி நகர்ந்ததும் "அப்பாடா" என்று காலை எடுத்துவிடுவார்கள். அந்த நொடியில் சக்கரம் இன்னும் இன்ஜினின் வேகத்துக்கு வந்திருக்காது. திடீரென்று முழுதாக ஒட்டியதும் வண்டி துள்ளி நிற்கும். வண்டி நகர்ந்த பிறகும் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள், அப்புறம் மீதியை விடுங்கள்.

ஆக, கிளட்சை விடுவதில் மூன்று பகுதி உண்டு. அடியிலிருந்து பிடிக்கும் இடம் வரை வேகமாக வரலாம், அங்கே ஒன்றும் நடப்பதில்லை. பிடிக்கும் இடத்தில் பொறுமை. அதற்கு மேலே மறுபடி வேகமாக விட்டு, காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். முழுத் தூரத்தையும் ஒரே சீராக, மெதுவாக விடுபவர்கள் நடுவில் பிளேட்டைத் தேய்த்துக்கொண்டே போகிறார்கள்.

ஆக்சிலரேட்டரே இல்லாமல் வண்டியைக் கிளப்ப வந்த பிறகு, கூடவே லேசாக மிதிக்கப் பழகுங்கள். சமதரையில் 1,200 முதல் 1,500 ஆர்பிஎம் தாராளம். டீசல் இன்ஜினுக்கு அதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை என்றால் தவறு கிளட்சில் இருக்கிறது. அதை ஆக்சிலரேட்டரில் சரிசெய்ய முயலாதீர்கள்.

கியர் மாற்றும்போது ஆக்சிலரேட்டரை விடுவதும் கிளட்சை மிதிப்பதும் ஒரே மூச்சில் நடக்கட்டும். மேல் கியருக்குப் போகும்போது கிளட்சைச் சற்று வேகமாக விடலாம். கீழ் கியருக்கு இறங்கும்போது இன்ஜின் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும் என்பதால், கிளட்சை நிதானமாக விடுங்கள், அல்லது விடும் முன் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டுங்கள். அந்த இடத்து வெட்டு காணாமல் போகும்.

ஒவ்வொரு கியருக்கும் ஒரு அடிவேகம்

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை முழுதாக விட்டு, சமதரையில் ஒரு கியரில் வண்டி தானாக உருளும் வேகம் ஒன்று இருக்கிறது. இன்ஜினின் குறைந்தபட்சச் சுற்றுக்குச் சக்கரம் எவ்வளவு சுற்றுமோ அந்த வேகம். நான் அதை அடிவேகம் என்று சொல்வேன். சிறிய பெட்ரோல் கார் ஒன்றில் முதல் கியருக்குச் சுமார் 6 கிலோமீட்டர், இரண்டாவதுக்கு 11, மூன்றாவதுக்கு 16, நான்காவதுக்கு 22, ஐந்தாவதுக்கு 28 என்று வரும். கியர் விகிதமும் டயர் அளவும் மாறினால் இந்த எண்களும் முன்பின் மாறும். உங்கள் வண்டியில் முதல் மூன்று கியரை ஒரு காலி மைதானத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.

வண்டியின் வேகம் அந்தக் கியரின் அடிவேகத்துக்கு மேலே இருக்கும்வரை பிரேக் போடக் கிளட்ச் தேவையில்லை. அடிவேகத்தை நெருங்கும்போது கிளட்ச் தேவை. இவ்வளவுதான் விஷயம்.

இதை வைத்து மூன்று பேரின் அறிவுரையையும் பாருங்கள். நான்காவது கியரில் 60-இல் போகிறீர்கள், முன்னால் லாரி மெதுவாகிறது, 40-க்கு இறங்க வேண்டும். பிரேக் மட்டும். கிளட்சைத் தொடவே வேண்டாம். அதே நான்காவது கியரில் சிக்னலில் நிற்க வேண்டும் என்றால், ஆக்சிலரேட்டரை விட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்து, 25 அளவில் கிளட்சை அடிவரை மிதித்து, நின்றதும் நியூட்ரல். ஒவ்வொரு கியராக இறக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. பாதி வழியில் பச்சை விழுந்தால், அப்போது இருக்கும் வேகத்துக்கு ஏற்ற கியரைப் போட்டுக் கிளம்பலாம். ஆனால் நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்றால், நீங்கள் ஏற்கெனவே அடிவேகத்தில் இருக்கிறீர்கள். அங்கே கிளட்ச் முதலில், அல்லது இரண்டும் சேர்த்து. ரிவர்ஸும் அப்படித்தான். பயிற்சியின் முதல் நாட்கள் முழுவதும் முதல், இரண்டாம் கியரிலேயே கழிவதால்தான் "சேர்த்து மிதி" என்ற பாடம் காலில் ஒட்டிக்கொண்டு, பிறகு 60-இலும் விடாமல் வருகிறது.

60-இல் கிளட்சை முதலில் மிதித்தால் என்ன நஷ்டம்? கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டாலே இன்ஜின் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். கிளட்சை மிதித்ததும் அந்தப் பிடி போய்விடும். வண்டி ஒரு கணம் பாய்வது போலவே தோன்றும். முழு வேலையும் பிரேக் தலையில் விழும். வளைவில் இது இன்னும் மோசம், சக்கரத்தைப் பிடித்து வைக்க ஒன்றுமே இருக்காது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, கிளட்சை முழுதாக விட்ட பிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் கணக்கு தலைகீழ். கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால், சுற்று ஓரளவுக்கு மேல் இருக்கும்வரை எரிபொருள் முழுதாகவே நிறுத்தப்படும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும். மிச்சமும் இல்லை, பிடியும் இல்லை.

பிரேக்கை மிதிக்கும் விதம்

நல்ல பிரேக்கை மூன்று கட்டமாகப் பிரிக்கலாம். முதலில் லேசாக ஒரு தொடுதல். இது பின்னால் வருபவருக்கு விளக்கைக் காட்டும், வண்டியின் எடையும் நிதானமாக முன் சக்கரத்துக்கு வரும். அப்புறம் அழுத்தம் கூட வேண்டும். கடைசியில், வண்டி நிற்கப்போகும் அந்த ஒரு மீட்டரில், அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் நின்றால் எல்லோர் தலையும் முன்னே போய்ப் பின்னே வரும். உங்கள் பிரேக் எப்படி என்று தெரிய, பக்கத்து சீட்டில் இருப்பவரின் தலையைப் பார்த்தாலே போதும்.

தூரத்தையும் மனதில் வையுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்கு வர ஒரு நொடி ஆனால் அந்த 17 போயிற்று. அதன் பிறகு காய்ந்த நல்ல சாலையில் முழு பிரேக்குக்கு இன்னும் சுமார் 20 மீட்டர். 30-இல் அதே பிரேக் தூரம் 5 மீட்டர்தான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும். ஈரத்தில் இது இன்னும் நீளும்.

அவசர பிரேக் தனிக் கதை. அங்கே அடிவேகக் கணக்கெல்லாம் வேண்டாம். பிரேக்கை உங்கள் முழுப் பலத்தோடு மிதியுங்கள், கிளட்சையும் கூடவே. கிளட்ச் மறந்துபோனால் கவலைப்படாதீர்கள். இன்ஜின் அணையும், வண்டி நிற்கும். பிரேக்கை மறப்பதுதான் தவறு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் இருந்தால் பெடல் காலுக்கடியில் படபடவென்று அதிரும், கரகரவென்று சத்தம் வரும். பயந்து காலைத் தளர்த்திவிடுபவர்கள் நிறையப் பேர். அது பழுதின் சத்தம் இல்லை, வேலை செய்யும் சத்தம். அழுத்தத்தை விடாமல், தேவையானால் ஸ்டியரிங்கைத் திருப்பி விலகுங்கள். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால் ஸ்டியரிங் பேச்சு கேட்காது. பிரேக்கைச் சற்று விட்டு, சக்கரம் உருண்டதும் மறுபடி அழுத்த வேண்டும். காலி இடத்தில், பின்னால் யாரும் இல்லாதபோது, 30-இல் ஒருமுறை முழு பிரேக் போட்டுப் பாருங்கள். முதல் தடவை நிஜ ஆபத்தில் நடக்கக் கூடாது.

நெரிசல், மேடு, இறக்கம்

கிளட்ச் பிளேட்டின் ஆயுள் குறைவது பெரும்பாலும் நெரிசலில்தான். முன் வண்டி இரண்டடி நகர்ந்ததும் நீங்களும் நகர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கொஞ்சம் இடைவெளி சேரட்டும். பிறகு முதல் கியரில் கிளம்பி, கிளட்சை முழுதாக விட்டு, அடிவேகத்தில் ஊர்ந்து போங்கள். பத்து நொடிக்கு மேல் நிற்பீர்கள் என்று தெரிந்தால் நியூட்ரலுக்கு வந்து கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். முதல் கியரில் கிளட்சை மிதித்தபடியே சிக்னல் முழுவதும் காத்திருந்தால் பிளேட் தேயாது, ஆனால் அதைத் தள்ளிப் பிடிக்கும் ரிலீஸ் பேரிங் தேயும். கால் வழுக்கினால் முன்னால் இருப்பவர் மேல் போய் இடிப்பீர்கள்.

மேட்டில் நிற்கும் வண்டியைக் கிளப்பப் பலரும் பயப்படுவது பின்னால் உருளும் என்றுதான். ஹேண்ட்பிரேக் இருக்க பயம் எதற்கு? ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, கால் பிரேக்கை விடுங்கள். முதல் கியர். ஆக்சிலரேட்டரைச் சமதரையில் கொடுப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து, கிளட்சைப் பிடிக்கும் இடம் வரை விடுங்கள். வண்டியின் முன்பக்கம் லேசாக எழும், பின்பக்கம் அமுங்கும். வண்டி "போகட்டுமா" என்று கேட்கும் அந்த நேரத்தில் ஹேண்ட்பிரேக்கை இறக்கினால் முன்னால்தான் போகும். இது கைவந்த பிறகு கால் பிரேக்கிலேயே செய்யலாம்: பிரேக்கை அழுத்தியபடி கிளட்சைப் பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, காலை ஆக்சிலரேட்டருக்கு மாற்ற வேண்டும். ஹில் ஹோல்டு வசதி உள்ள வண்டி பிரேக்கை விட்ட பிறகும் ஓரிரு நொடி தானே பிடித்துக்கொள்ளும். அதை நம்பியே பழகினால் வேறு வண்டியில் மாட்டிக்கொள்வீர்கள். செய்யவே கூடாதது, மேட்டில் பிரேக் இல்லாமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைத் தொங்கவிட்டு நிற்பது. ஒரே சிக்னலில் தீய்ந்த வாடை வந்துவிடும்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து லேசாக மிதித்துக்கொண்டே வருவது ஆபத்து. சூடு ஏற ஏற, சக்கரத்தோடு சுற்றும் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடின் பிடி குறையும். கால் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து பெடல் பஞ்சு போல அமுங்கும். டாட் 4 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்கும். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும். வண்டியின் கையேட்டில் சொன்ன காலத்தில் அதை மாற்றச் சொல்வது இதற்குத்தான். இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வாருங்கள். ஏறும்போது எந்தக் கியரோ அதையே இறங்கும்போதும் போடுங்கள் என்பது நல்ல கணக்கு. வேகம் கூடினால் உறுதியாக ஒரு பிரேக் போட்டுக் குறைத்து, காலை எடுத்துவிட்டு, பிரேக் ஆறட்டும்.

பார்க்கிங் மட்டும்தான் ஹாஃப் கிளட்சுக்கு முழு அனுமதி உள்ள இடம். வேகத்தைக் கிளட்ச் பார்த்துக்கொள்ளும், வலது கால் பிரேக்குக்கு மேலேயே நிற்கட்டும். ரிவர்ஸ் போடும் முன் வண்டி முழுதாக நின்றிருக்க வேண்டும். சரிவில் நிறுத்தும்போது நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை விட்டு, வண்டி ஹேண்ட்பிரேக்கில் உட்கார்ந்த பிறகு கியர் போடுங்கள். முகம் மேட்டைப் பார்த்தால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்தால் ரிவர்ஸ்.

வண்டி சொல்லும் புகார்கள்

மேல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. கிளட்ச் பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அடிவரை மிதித்தும் கியர் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விலகவில்லை. பிரேக் பெடல் மெத்தென்று இருந்தால் ஆயிலில் காற்று. பிரேக் போடும்போது உலோகம் உரசும் சத்தம் என்றால் பேட் முடிந்துவிட்டது. வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும் அன்றே காட்ட வேண்டும். ஓடும்போது பெடல் அடிவரை போய்ப் பிடிக்கவில்லை என்றால், படபடவென்று பலமுறை மிதித்து அழுத்தத்தைச் சேர்க்கப் பாருங்கள். கூடவே ஒவ்வொரு கியராக இறக்குங்கள். ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி சுழலும்.

வேறு ஒருவருடைய வண்டியில் ஏறினால், சாலைக்கு வரும் முன் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே செலவிடுங்கள். அந்த வண்டியின் கிளட்ச் உங்களுடையதைவிட மேலே பிடிக்கலாம், கீழே பிடிக்கலாம். பிரேக் தொட்டதுமே கடிக்கலாம். இரண்டு முறை முன்னே, இரண்டு முறை பின்னே நகர்த்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, அப்புறம் கேட்டைத் தாண்டுங்கள்.